கடலைமிட்டாய், பால்கோவா, ‘சுகர் ஃப்ரீ’ பர்பி: இனிப்புக்குப் பயப்படுகிறவர்கள் எதை வாங்கலாம்?

இனிப்புக் கடை மதிப்புரைகள் நெய் மணத்தையும் விலையையும் பேசிவிட்டு முடிந்துவிடும். ஈட்டிங் டிசார்டர் என்னும் உண்ணும் கோளாறோடு வாழ்பவருக்கு அது போதாது. பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரியில் ஒரு டப்பாவை மொத்தமாகக் காலி செய்வது, அந்தக் குற்ற உணர்வில் மறுநாளும் பட்டினி என்று சுழல்பவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. ஒரு துண்டு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா? இரண்டே இரண்டு வாங்க முடியுமா? மென்று தின்ன நேரம் பிடிக்குமா? தின்று முடித்ததும் ‘இனிப்புச் சாப்பிட்டாச்சு’ என்ற நிறைவு வருகிறதா? இப்படிக் கேட்டுக்கொண்டு பார்த்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு முதலிடம். சுகர் ஃப்ரீ பர்பிக்குக் கடைசி இடம்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்து, வெல்லப்பாகில் புரட்டிப் பலகையில் கொட்டிச் சமன்படுத்தி, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். எல்லாம் பாகின் பதத்தில்தான் இருக்கிறது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் ஓசை வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிய மிட்டாய் ‘கடக்’கென்று உடையும், பல்லில் ஒட்டாது. பதத்துக்கு முன்னதாக இறக்கினால் சவ்வு மாதிரி இழுக்கும். பதம் தாண்டினால் வெல்லம் கசக்கும்.

நமக்கு ஏன் இந்த விவரம்? உடையும் மிட்டாயை மென்றே ஆக வேண்டும். கடலையில் புரதமும் எண்ணெயும் இருப்பதால் வயிற்றிலும் கொஞ்ச நேரம் நிற்கும். வெறும் சர்க்கரைப் பண்டம் போல வாய்க்குள் போனதே தெரியாமல் கரைந்துவிடாது. ஒன்று தின்றோம், அது முடிந்தது என்று உடம்புக்கும் கணக்கு புரிகிறது.

வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைகளில் 200 கிராம், அரைக் கிலோ பாக்கெட்டுகள் அடுக்கியிருப்பார்கள். தொடக்கத்தில் அவை வேண்டாம். பெட்டிக்கடைப் பாட்டிலில் சில்லறையாகக் கிடைக்கும் துண்டுகளே நல்லது. இரண்டு கேட்டால் இரண்டு கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பாக்கெட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் சத்துக் கணக்கு அட்டவணை சில்லறைத் துண்டில் கிடையாது. எண்களைப் பார்த்துப் பார்த்தே மனம் கலங்குபவருக்கு இது பெரிய நிம்மதி. வீட்டுக்குப் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டுமென்றால், துண்டுதுண்டாகத் தனி உறையில் சுற்றியதை வாங்குங்கள். அச்சாகப் பலகை போல வரும் பெரிய வில்லையைத் தவிருங்கள். உடைத்து உடைத்துத் தின்னும்போது எவ்வளவு போயிற்று என்றே தெரியாது.

‘வெல்லம் போட்டது, அதனால் உடம்புக்கு நல்லது’ என்று உறையில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதைவிட முக்கியமாக, ‘இது நல்ல இனிப்பு, அது கெட்ட இனிப்பு’ என்ற பிரிவினைதான் இந்த நோய்க்குத் தீனி. கடலைமிட்டாயை முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதன் வடிவமும் கடிபடும் தன்மையும். புனிதம் எதுவும் அதில் இல்லை.

இனி, எப்போது தின்பது. ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உண்ணும் கோளாறுகளுக்காக உருவாக்கிய மனநடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை), முதல் கட்டத்திலேயே சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல். பயந்து ஒதுக்கிய பண்டங்களைத் திரும்பச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான் வரும். வரிசை மாறினால் எந்த இனிப்பும் கைமீறும். காலையில் காபியோடு நிறுத்தி, மதியம் நாலு வாய் சோற்றோடு எழுந்தவருக்குச் சாயங்காலம் மிட்டாய் கையில் கிடைத்தால், அங்கே நடப்பது ஆசை என்பதைவிடப் பசி. அதற்கு மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, அல்லது நாலு, நாலரைக்கு டீயோடும் ஒரு வாழைப்பழத்தோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோ இரண்டோ, எத்தனை என்பதை முன்பே முடிவு செய்து தட்டில் எடுத்து வையுங்கள். டப்பாவை மூடி அடுக்களையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். போன் பார்த்துக்கொண்டே தின்றால் ருசி பதியாது, இன்னொன்று கேட்கும். தொடக்கத்தில் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. தனியாக, ராத்திரியில், நின்றுகொண்டே டப்பாவிலிருந்து எடுப்பதுதான் ஆபத்தான சேர்க்கை.

அதையும் மீறிப் பாக்கெட் காலியாகிவிட்டதா? அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். இது மட்டும் தவறக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை வெட்டினால் மறுநாள் பசி கூடும், அடுத்த பாக்கெட்டும் அதே வழியில் போகும். ‘நாளையிலிருந்து இனிப்பே தொடமாட்டேன்’ என்ற சபதமும் உதவாது. நாளைக்குக் கிடைக்காது என்று தெரிந்தால் மனம் இன்றைக்கே எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கும்.

சுகர் ஃப்ரீ பர்பிக்கு வருவோம். இதில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால், சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்பூட்டிகள் சேர்க்கப்படும். கோவா (சுண்டக் காய்ச்சிய பால்), நெய், முந்திரி எல்லாம் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு, மருத்துவர் சொல்லும் அளவில், இதில் பயன் இருக்கலாம். உண்ணும் கோளாறு உள்ளவருக்கு மூன்று தொல்லைகள். ஒன்று, ‘சர்க்கரைதான் இல்லையே’ என்று எண்ணிக்கை விட்டுப்போகிறது. இரண்டு, கேட்ட ருசி கிடைக்காததால் அதைத் தின்ற பிறகு உண்மையான இனிப்பையும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மூன்றாவதுதான் மோசம். மால்டிடால் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும், வயிறு உப்பும். உடம்பைப் பற்றி ஏற்கெனவே பயந்திருப்பவர் அந்த உப்பலைத் தொட்டுப் பார்த்து ‘பெருத்துவிட்டேன்’ என்று முடிவுகட்டிவிடுவார். சாதாரணப் பர்பியைவிட விலையும் கூடுதல். இத்தனைக்குப் பிறகும் ஆசை தீராத பண்டத்துக்கு எதற்குக் காசு?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (இதற்கு 2019-இல் புவிசார் குறியீடு) ருசியில் குறை சொல்ல இடமில்லாதது. ஆனால் அதற்கு ஓரம் கிடையாது. டப்பாவில் ஸ்பூன் போட்டால் எங்கே நிறுத்துவது என்று பண்டம் சொல்லாது. அதனால் 100 கிராம் வாங்கி, இரண்டு மூன்று பேராகக் கிண்ணத்தில் பிரித்துச் சாப்பிடுங்கள். அல்வாவுக்குத் திருநெல்வேலி வழக்கமே சிறந்த வழி: கடையிலேயே சூடாக வாங்கி, அங்கேயே தின்று, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவது. அளவைக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறார். கடலைமிட்டாய் பழகிய சில வாரங்களில் இவற்றுக்கும் போய்விட வேண்டும். ஒரே பண்டத்தை மட்டும் ‘பாதுகாப்பு’ என்று பிடித்துக்கொண்டால் அதுவும் ஒருவகைப் பத்தியமாகிவிடும்.

தீபாவளி, கல்யாண வீடுகளில் இரண்டு பக்கமும் இடி. ஒரே அத்தை “இன்னும் ரெண்டு எடுத்துக்கடி” என்பார், அடுத்த மூச்சில் “கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டியே” என்பார். “இப்போ போதும் அத்தை, போறப்ப ரெண்டு கட்டிக் குடுங்க” என்று சொன்னால் அவருக்கும் மனம் நோகாது, தட்டும் நிரம்பாது. உடம்பைப் பற்றிய பேச்சுக்குப் பதிலே சொல்ல வேண்டாம், எழுந்து பந்திப் பக்கம் போய்விடலாம்.

இந்த மதிப்புரை எல்லோருக்கும் பொருந்தாது. நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் கடலைமிட்டாய் பேச்சே வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். பல நாட்களாக மிகக் குறைவாகவே சாப்பிட்டு எடை வேகமாக இறங்கியவர்கள் தாமாகச் சாப்பாட்டைக் கூட்டக் கூடாது. திடீரென்று உணவு உள்ளே போகும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். இவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தின்ற குற்ற உணர்வில் அடிக்கடி வாந்தி எடுத்துப் பல் எனாமல் தேய்ந்தவர்களுக்கும் கடலைமிட்டாய் ஏற்றதல்ல. அதன் கடினத்தில் பல் விண்டுவிடலாம். பால்கோவா போன்ற மெத்தென்ற இனிப்பு மேல். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காமல் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பாக்கெட் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள். நாள்பட்ட கடலை காறிப்போய் எண்ணெய் நாற்றம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெல்லம் நீர் இழுத்து மிட்டாய் பிசுபிசுக்கும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அப்படி ஒட்டிய கட்டியில் ‘ஒரு துண்டு’ என்ற அளவே போய்விடும். மழைக்காலத்தில் அன்றன்றைக்குச் சில்லறையாக வாங்குங்கள், இல்லாவிட்டால் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் தனி உறையோடு போட்டு வையுங்கள்.