பள்ளிகளுக்கான மக்கல் பெட்டி: ஊட்டிக் குளிருக்கு ஒத்துவருமா?

இலையும் காய்கறித் தோலும் எப்படி மக்குகின்றன என்று நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, உள்ளே நடப்பது தெரியும்படியான அக்ரிலிக் பெட்டி ஒன்று அறிவியல் கருவிக் கடைகளில் கிடைக்கிறது. கொள்ளளவு சுமார் 10 லிட்டர். தடுப்பு வைத்த மூன்று அறைகள், துளையிட்ட மூடி, தண்ணீர் வடியும் தட்டு, வெப்பமானி, பூதக்கண்ணாடி, ஒரு பை மண்புழு, கூடவே ஒரு கையேடு. நீலகிரிப் பள்ளிகள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கையேட்டை மட்டும் அப்படியே பின்பற்றக் கூடாது. அது சமவெளி வெயிலை மனதில் வைத்து எழுதியது.

பெட்டியின் பலம் அதன் முன்பக்கச் சுவர்தான். கேரட்டை வட்டமாக நறுக்கி, அந்தச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து மண்ணால் மூட வேண்டும். சில நாட்களில் கேரட்டின் விளிம்பில் வெள்ளை இழைகள் கிளம்பும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் கிளை பிரிந்து, மண் துகள்களைச் சுற்றிக்கொண்டு அடுத்த துண்டை நோக்கிப் போவது தெரியும். அதுதான் பூஞ்சை. அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதியை வெளியே சுரந்து, கேரட்டை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. பாக்டீரியாவும் இப்படித்தான் உண்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. துண்டின் மேற்பரப்பு வழவழப்பாகிக் குழைவதை வைத்து அது வேலை செய்வதைச் சொல்லலாம். சிதைப்பான்கள் என்று பாடப்புத்தகம் சொல்வது இவற்றைத்தான். மண்புழு, மரவட்டை போன்றவை இலையைத் துண்டு துண்டாக்கிப் பரப்பை அதிகமாக்கிக் கொடுக்கின்றன. அந்தப் பரப்பில் நுண்ணுயிர்கள் வேகமாகப் படர்கின்றன. கையேடு பெருமை முழுவதையும் மண்புழுவுக்கே கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை ஆசிரியர்தான் திருத்திச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை, “குப்பை மண்ணாக மாறுகிறது” என்ற வரி. மண்ணின் பெரும்பகுதி பாறை தேய்ந்து வந்த துகள். இலை மக்கினால் அதிலுள்ள கார்பனில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். கொஞ்சம் நீராகும், தாது உப்புகள் மண்ணில் தங்கும், மிஞ்சும் கறுப்புப் பொருள்தான் மட்கு. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட சமையலறைத் தராசு போதும். பெட்டியை வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வரலாம். கேரட்டில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர் என்பதால், ஆவியாகும் ஈரமும் எடையைக் குறைக்கும். ஆகவே இந்த அளவீட்டுக்குக் காய்ந்த இலையே நல்லது. ஊற்றும் தண்ணீரையும் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி குளிர். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுண்ணுயிர்களின் வேகம் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதியாகும். 30 டிகிரியில் ஒரு மாதத்தில் முடியும் வேலை, 15 டிகிரி அறையில் மூன்று மாதத்தை நெருங்கும். கையேட்டின் 30 நாள் அட்டவணையை நம்பினால் பிள்ளைகள் மக்காத இலையைப் பார்த்து ஏமாந்து போவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கவே வேண்டாம். “கை வைத்தால் சூடு தெரியும்” என்றும் கையேடு சொல்கிறது. ஒரு கன மீட்டர் அளவுக் குவியலில்தான் அந்தச் சூடு தங்கும். இந்தச் சின்னப் பெட்டியில் பிறக்கிற வெப்பம் உடனே வெளியேறிவிடும், எந்த ஊரானாலும் சரி. இரவில் சணல் சாக்கு சுற்றி வைத்தால் கொஞ்சம் உதவும்.

கூடவே வரும் மண்புழு பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜினியே. நீளமாக, ஊதா மினுமினுப்போடு இருக்கும். ஆப்பிரிக்க வெப்பத்தில் பழகிய அது 10 டிகிரியை நெருங்கும் குளிரைத் தாங்காது. மலைக்கு ஏற்றது ஐசீனியா ஃபெடிடா. உடல் வளையங்களுக்கிடையே மஞ்சள் பட்டை தெரியும். 15 முதல் 25 டிகிரி வரை நன்றாக உண்ணும், அதற்குக் கீழே மந்தமானாலும் பிழைத்துக்கொள்ளும். உள்ளூரில் மண்புழு உரம் போடும் விவசாயிகளிடம் கேட்டு வாங்கலாம். ஓர் அறைக்கு 20, 30 புழு போதும்.

நிரப்பும் முறை: அடியில் 5 செ.மீ. காய்கறித் தோட்டத்து மண், அதன்மேல் மூன்று கைப்பிடி காய்ந்த இலைக்கு ஒரு கைப்பிடி பச்சைக் கழிவு, கடைசியில் 2 செ.மீ. மண். தேயிலைத் தோட்டத்து மண் வேண்டாம். அமிலத்தன்மை அதிகம், களைக்கொல்லியும் கலந்திருக்கலாம். காப்புக்காட்டிலிருந்து மண்ணோ சருகோ எடுப்பது குற்றம். கேரட் தழை, கோஸ் இலை, டீத்தூள் சக்கை எல்லாம் போடலாம். பால் கலந்து கொதித்த சக்கை மட்டும் நாறும். ஓர் அறையில் கேரட் தழையும் இன்னொன்றில் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையும் பைன் ஊசியும் வைப்பது மலைப் பள்ளிகளுக்கே கிடைக்கும் வாய்ப்பு. தழை கரைந்துபோன பிறகும் கற்பூர இலை உருக்குலையாமல் கிடக்கும். மெழுகுப் பூச்சு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற கடினப் பொருள், எண்ணெய் மூன்றும் நுண்ணுயிரைத் தடுக்கின்றன.

தினமும் 100 மில்லி தண்ணீர் என்ற கையேட்டுக் கணக்கு இங்கே பெட்டியை மூழ்கடிக்கும். கூடலூரில் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையிலும் காற்றே ஈரமாக இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் போயிற்று என்று அர்த்தம். கிளறிக் காய்ந்த இலை சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது.

வடிவமைப்பில் ஒரு குறை. தடுப்புகள் மூடியைத் தொடவில்லை, பூஞ்சை வித்துகள் அறைக்கு அறை பறக்கும். நுண்ணுயிர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுக் காட்ட, குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்த மண்ணை மூன்றாம் அறையில் போட்டால் பயனில்லை. அதற்குத் தனியாக மூடியுள்ள ஜாடி வேண்டும்.

“மக்கும் பிளாஸ்டிக்” துண்டு ஒன்றும் கொடுக்கிறார்கள். அந்த வகைப் பைகள் 58 டிகிரி அளவில் இயங்கும் தொழிற்கூட உரக்கிடங்குக்காகச் செய்யப்பட்டவை; இந்தப் பெட்டியில் அப்படியே இருக்கும். சுற்றுலாப் பயணிகளின் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்ப்பது அவசியம். எனவே துண்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் புதைத்து வையுங்கள்.

பெட்டியை வராந்தாவில் வைத்தால் குரங்கு வரும். பழ வாசனைக்குக் கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரலாம். வகுப்பறைக்குள், நேர் வெயில் படாத இடம் போதும். திறக்கும்போது வெளியே கொண்டுபோய், முதலில் தண்ணீர் தெளித்து வித்து பறக்காமல் அடக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். மட்கைப் பள்ளித் தோட்டத்தில் போடலாம். மண்புழுக்கள் இரண்டு வகையுமே வெளிநாட்டு இனம் என்பதால் சோலைக்காட்டுப் பக்கம் விடக் கூடாது. அவற்றைத் தனியே பொறுக்கி, உரத்தொட்டி வைத்திருக்கும் விவசாயியிடம் கொடுத்துவிடுங்கள்.