மிட்டி அத்தர்: வாசனைக்கு நூறு, குப்பிக்கு முட்டை

“மிட்டி அத்தர் ஆஃபர்ல வந்திருக்கு, 12 மில்லி 180 ரூபாதான், வாங்கிடட்டுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த 180 ரூபாய்ச் சரக்கைத் திட்டத் தொடங்கினால், நல்ல விலை கொடுத்து வாங்கும் அசலையும் ஒரு விஷயத்தில் திட்டாமல் விட முடியாது. மிட்டி என்றால் இந்தியில் மண். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் என்ற ஊரில், மண் வாசத்தைப் பிடித்துச் செய்யும் எண்ணெய் இது; ஸ்ப்ரே சென்ட் போல ஆல்கஹாலில் கரைத்தது அல்ல. இனி நேரே விஷயம்.

முதலில் விலைக் கணக்கு. மிட்டி அத்தர் என்பது மண்ணைப் பிழிந்து எடுத்த எண்ணெய் அல்ல. மண்ணின் ஆவியைக் குடித்த சந்தன எண்ணெய். குப்பிக்குள் இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே சந்தனம்தான். நல்ல சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்கிறது. 12 மில்லி என்பது கிட்டத்தட்ட ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். சந்தனத்துக்கு மட்டுமே 1,100 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். மண், விறகு, செப்பு அண்டாவின் முன்னால் நாள்கணக்கில் வெந்தவரின் கூலி எல்லாம் தனி. அப்படியானால் 180 ரூபாய்க்கு என்னதான் தருவார்கள்? லிக்விட் பாரஃபின் தருவார்கள். இல்லையென்றால் பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் டி.ஓ.பி. தருவார்கள். அதில் இரண்டு சொட்டு செயற்கை வாசனை.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஜெல் அல்லாத, 70 சதவீத எத்தில் ஆல்கஹால் என்று லேபிளில் போட்ட சானிடைசர் ஐந்தாறு சொட்டு எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டு அத்தரோடு குலுக்குங்கள். சந்தனம் கரைந்துவிடும். பாரஃபினும் சமையல் எண்ணெய் வகைகளும் கரையாமல் பால்போல் கலங்கி, கொஞ்ச நேரத்தில் பிரிந்து நிற்கும். அடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். சந்தன எண்ணெய் தண்ணீரைவிட ஒரு இழை லேசு, அதனால் மிதக்கும். டை-எத்தில் தாலேட் என்ற மலிவான கலப்பு ரசாயனம் நிறையக் கலந்திருந்தால் சொட்டு நேராக அடிக்குப் போகும். டி.ஓ.பி.யோ தண்ணீர்ச் சோதனையில் நல்ல பிள்ளை மாதிரி தேறிவிடும். அதுவும் தண்ணீரில் மிதக்கும். அதனால் இந்தச் சோதனைகளை மட்டும் நம்பாமல் மூக்கையும் விலைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டைத் தாளில் விட்டு வையுங்கள்; மறுநாள் காலையில் வெறும் எண்ணெய்க் கறை மட்டும் இருந்து, சந்தனத்தின் சுவடே இல்லையென்றால் போலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வாசனை. மிட்டி என்றதும் பலர் எதிர்பார்ப்பது தார் ரோட்டில் மழை விழும் வாசத்தை. அது இதில் கிடையாது. இது புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றியதும் வருகிற வாசம். பானை ‘ஸ்ஸ்’ என்று உறிஞ்சும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஈரமும் சூடும் கலந்து ஒன்று எழும்புமே, அதேதான். காரணமும் நேரடியானது. கன்னோஜில் வறண்ட நிலத்து மண்ணைத் தட்டி, வில்லைகளாக்கிச் சுட்டு, அந்தச் சில்லுகளைத்தான் அண்டாவில் அடுக்கித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். வேலை நடப்பதும் மழைக்கு முந்தைய கோடையில்தான். மழைக்கு முன் காய்ந்த மண்ணும் பாறையும் காற்றிலிருந்து எண்ணெய்ப்பசையை உறிஞ்சி வைத்திருப்பதைப் பற்றி இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ‘பெட்ரிகோர்’ என்ற பெயர் அப்போது வைத்ததுதான். அந்த எண்ணெய்ப்பசையைச் சந்தனத்தில் பிடித்து விற்கும் தொழில் இந்தியாவில் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்ததையும் அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தோலில் வைத்த முதல் ஐந்து நிமிடம் இந்தப் பானை வாசம் முழுசாக நிற்கும். அதில் லேசான சாம்பல் தொனி ஒன்று உண்டு, சூளைக்குப் பக்கத்தில் நின்றால் வருவது போல. பத்து நிமிடத்தில் பின்னாலிருந்து சந்தனம் பால் மாதிரி எட்டிப் பார்க்கும். அரை மணி ஆனால் மண் முக்கால்வாசி போய்விடும். அதன்பிறகு ஆறேழு மணி நேரம் சந்தனக் கச்சேரிதான். மண் வாசத்துக்காகவே வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஏமாற்றுவேலை அல்ல. மண்ணின் வாசனைப் பொருள்கள் சந்தனத்தைவிடச் சீக்கிரம் ஆவியாகிவிடும். மூக்கும் ஒரே வாசனைக்குச் சட்டென்று பழகிப்போய்விடும். வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பி வந்தால் மண் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரியும். பருத்தித் துணியில் வைத்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும். வெள்ளை வேட்டி வேண்டாம், மஞ்சள் கறை பிடித்துக்கொள்ளும். கைக்குட்டை ஓரம் போதும்.

கையில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதைப் போடாதீர்கள். சந்தனமும் தேங்காயும் சேர்ந்து பர்ஃபி வாசம் வரும். தோல் வறண்டிருந்தால் வாசமில்லாத வாசலின் ஒரு துளி அடியில் தடவிக்கொள்ளலாம். மணிக்கட்டில் வைத்துத் தேய்த்தால் வாசனை ‘உடைந்துவிடும்’ என்பது கட்டுக்கதை. தேய்க்கும் சூட்டில் முதல் பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகச் சுருங்கும், அவ்வளவுதான். மிட்டியில் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்பதால் தேய்க்காமலே இருங்கள்.

மண்ணைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெட்டிவேர் அத்தர் ஒரு சொட்டுக்கு மிட்டி ஐந்து அல்லது ஆறு சொட்டு. செப்பு அண்டாவில் காய்ச்சுவதால் பச்சை ஏறிய ரூஹ் கஸ், அதாவது சந்தன அடி இல்லாத தனி வெட்டிவேர் எண்ணெய், கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கு ஒன்றுக்குப் பத்து என்று குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேர் மண்ணை விழுங்கிவிடும். வெட்டிவேர் கனமான சரக்கு, மெதுவாகத்தான் போகும். அதன் ஈர வேர் வாசத்தை மூக்கு மண் என்றே எடுத்துக்கொள்ளும். அரை மணி ஒன்றரை மணி ஆகும்.

வெளிநாட்டுச் சின்ன வாசனைத் தயாரிப்பாளர்களும் இங்கே அவர்களைப் பார்த்துத் தொடங்கிய சின்ன பிராண்டுகளும் ‘முதல் மழை’, ‘பெட்ரிகோர்’ என்றெல்லாம் விற்கும் எண்ணெய்கள் வேறு ஜாதி. அவற்றில் மண்ணே கிடையாது. மண்வாசம் தரும் ஜியோஸ்மின் என்ற பொருளைச் செயற்கையாகச் செய்து, பச்சோலி, வெட்டிவேரோடு கூட்டிக் கட்டி, பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயிலோ டி.பி.ஜி. என்ற வாசமற்ற கரைப்பானிலோ கரைத்தது. அது குற்றமில்லை, சொல்லி விற்றால் சரி. ஆனால் ஜியோஸ்மின் லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் அளவில் இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். கை கொஞ்சம் கூடினால் மழை போய் பீட்ரூட் வந்துவிடும். இன்னும் கூடினால் குளத்து மீனின் சேற்று வாடை. மீனை நாம் புளித்தண்ணீரில் அலசுவதும் இதே ஜியோஸ்மினை ஒழிக்கத்தான், புளிப்பில் அது சிதைந்துவிடும். அத்தரைப் புளியில் அலச முடியாது. பாதாம் எண்ணெயில் கரைத்து விற்பவர்களிடம் வாங்கினால் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் சிக்கு வாடை அடிக்கும். சந்தன அடி உள்ள அசல் அப்படிக் கெடாது, வைக்க வைக்க வாசம் இன்னும் மிருதுவாகி வரும்.

கெடாது என்று சொன்னேன். வாயில் உருளும் குண்டு வைத்த ரோலான் குப்பியில் இல்லாதவரை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் கோபமெல்லாம் இங்கேதான்.

அத்தர் தொழில் முழுக்கத் தண்ணீரை விரட்டும் தொழில். செப்பு அண்டாவில் மண்ணையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண் பூசி அடைத்து, கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியாக ஆவியைப் ‘பப்கா’ என்ற செப்புக் குடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பப்காவுக்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும், வெளியே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி. ஆவி குளிர்ந்ததும் மண்ணின் வாசம் சந்தனத்தோடு போகும், தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அதை அடிவழியே வடித்து மறுபடி அண்டாவில் ஊற்றுவார்கள். வாசம் ஏறும்வரை நாள்கணக்கில் இதே வேலை. இதற்குப் பிறகும் எண்ணெயில் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் தோல் குப்பி. ஒட்டகத் தோலில் செய்வது பழைய வழக்கம். அங்கேயும் அதற்குப் பெயர் குப்பிதான். வெயிலில் வைத்தால் தோல் வழியாக ஈரம் கசிந்து வெளியேறும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். ஒரு பாத்திரமே வடிகட்டியாக வேலை செய்வதை வேறு எங்கே பார்க்க முடியும்!

இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை விரட்டியதைக் கடைசியில் ஒரு ரோலானில் அடைத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீல் குண்டை வியர்த்த கழுத்தில் உருட்டுகிறோம். குண்டு திரும்பி உள்ளே போகும்போது வியர்வை, தோல் எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று மாதத்தில் தங்க நிறம் மங்கி அடியில் கலங்கல் தெரியும். முதலில் அடிபடுவது அந்தப் பானை வாசம்தான். ஆயிரம் ரூபாய்ச் சரக்கை மூன்று ரூபாய் மூடி கெடுக்கிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஒழுகுவது இன்னொரு தொல்லை. புதுக் குப்பி ஒழுகாது, பாதி தீர்ந்ததும்தான் ஒழுகத் தொடங்கும். மூடி சரியில்லை என்று நினைப்போம், காரணம் காற்று. எண்ணெய் சூட்டில் அதிகம் விரியாது. ஆனால் காலி இடத்தில் இருக்கும் காற்று மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் விரியும். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் பை இருந்து, குப்பியும் படுத்துக் கிடந்தால், காற்று பின்னாலிருந்து எண்ணெயைக் குண்டைத் தாண்டித் தள்ளிவிடும். விமானத்தில் கேபின் அழுத்தம் குறையும்போதும் இதே கதை. பிளாஸ்டிக் கூடும் வாசனை எண்ணெய் குடித்து மெல்ல ஊதிப்போகும், குண்டு ஆடத் தொடங்கும். அப்புறம் நிற்கவைத்தாலும் பிசுபிசுப்புதான்.

அதனால் ரோலானில் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தட்டையான ஸ்பூன் காம்பால் குண்டுக் கூட்டை ஒரு பக்கமாக நெம்பினால் ‘டப்’ என்று வந்துவிடும். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள், வரும்போது ஒரு சொட்டு தெறிக்கும். மாற்றும் குப்பி கண்ணாடியாக, கண்ணாடிக் குச்சி பிடித்த மூடியோடு இருக்கட்டும். ஸ்பிரிட் விட்டு அலசி, கவிழ்த்து ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும், ஒரு துளி ஈரம் கூடாது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுக்கலாம். கறுப்பு ரப்பர் பிஸ்டன் எண்ணெய் பட்டால் ஊதிச் சிக்கிக்கொள்ளும், சட்டென்று முடித்துவிடுங்கள். ரப்பர் பல்ப் வைத்த டிராப்பரை மூடியாகப் போட்டு வைக்கவே கூடாது, ரப்பர் இளகி அதன் நாற்றம் இறங்கும். குப்பி அளவைச் சரக்குக்குத் தகுந்தபடி எடுங்கள். 3 மில்லிக்கு 3 மில்லிக் குப்பி, கழுத்துவரை. குச்சியால் தொட்டு வைத்ததும் துணியில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அதுகூட வேண்டாம் என்றால் பழைய வழி இருக்கவே இருக்கிறது: பஞ்சில் ஒரு சொட்டு, காது மடல் மடிப்பில். அதில் வியர்வை குப்பிக்குத் திரும்ப வழியே இல்லை.

இவ்வளவு புலம்பினாலும் மிட்டியை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். ரோஜா, மல்லி, தாழம்பூவெல்லாம் செடியிலிருந்து வருகிற வாசம், எங்கே போனாலும் கிடைக்கும். சுட்ட மண்ணைக் காய்ச்சிக் குப்பியில் அடைக்கும் யோசனை வேறு யாருக்கும் வரவில்லை. நண்பருக்கு என் பதில் மட்டும் இன்றைக்கு ‘வேண்டாம்’தான். குச்சி மூடி கேட்டு ரோலான் வந்து சேர்ந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மே மாத மத்தியானத்தில் கேட்டிருந்தால் அசல் ஒன்றை வாங்குங்கள் என்றிருப்பேன். அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால் 12 மில்லி எடுக்காதீர்கள், 3 மில்லி போதும். அடி என்ன எண்ணெய் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.