ஒற்றை அட்டவணையா, தொடர்புடைய மூன்று அட்டவணைகளா?

நண்பர்களுக்கு இரவல் தரும் நூல்களுக்காக, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் நான் வைத்திருந்த பதிவேடு, பல ஆண்டுகளாக ஒரே அட்டவணையில் ஓடியது. எடுத்தவர் பெயர், தொலைபேசி எண், நூல், ஆசிரியர், எடுத்த நாள், திருப்பிய நாள் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. அண்மையில் அதை உறுப்பினர், நூல், இரவல் என்று மூன்றாகப் பிரித்துவிட்டேன். ஆகவே என் சார்பு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவில்லை.

ஒற்றை அட்டவணையின் வசதியை மறுப்பதற்கில்லை. திறந்தவுடன் தட்டச்சு செய்யலாம், வடிகட்டலாம், எக்செலுக்கு அனுப்பலாம். கொள்ளளவும் ஒரு பொருட்டல்ல. ஆக்சஸ் கோப்பு 2 ஜிபி வரையிலும், ஓர் அட்டவணை 255 புலங்கள் (நெடுவரிசைகள்) வரையிலும் தாங்கும்.

என்னை மாற்றியது திருத்தம் செய்யும் வேலைதான். உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண் மாறியபோது, அவர் பெயர் வரும் வரிகளையெல்லாம் தேடித் திருத்தினேன். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைக்காமல் எழுதியிருந்த இரண்டு வரிகள் வடிகட்டியில் சிக்கவில்லை. பழைய எண்ணும் புதிய எண்ணும் கோப்பிலேயே அருகருகே நின்றன. எது சரி என்று கோப்பு சொல்லாது. போதாக்குறைக்கு, ஒரே ஒரு நூல் எடுத்தவரின் வரியை நீக்கினால் அவருடைய எண்ணும் சேர்ந்து போய்விடும். மூன்று அட்டவணை முறையில் எண் ஓரிடத்தில்தான் இருக்கிறது. திருத்தமும் ஒரு முறைதான்.

பிரிக்கும் வேலை ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வந்த பெயர்களை வினவல் (query) மூலம் தனித்தெடுத்து, ஆட்டோநம்பரை (ஆக்சஸ் தானே தரும் வரிசை எண்ணை) பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாகக் கொண்ட உறுப்பினர் அட்டவணையில் சேர்த்தபின், பழைய வரிகளில் பெயருக்குப் பதில் அந்த உறுப்பினர் எண்ணை நிரப்பினேன். ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகக் கலந்துவிடாமல் இருக்கத் தொலைபேசி எண்ணையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அட்டவணையைத் தானே பிரித்துத் தரும் வழிகாட்டி ஆக்சஸிலேயே உண்டு. அது முன்வைக்கும் பிரிவை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அட்டவணைகளுக்கிடையே தொடர்பு அறுந்துவிடாமல் காக்கும் தொடர்பு ஒருமைப்பாட்டை (referential integrity) அமைக்கும்போது, உறுப்பினர் பட்டியலில் இல்லாத உறுப்பினர் எண் ஏதேனும் இரவலில் இருந்தால் ஆக்சஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பே நல்ல சோதனை. ஆனால் ஒரு வரியை நீக்கினால் அதோடு தொடர்புடைய வரிகளையும் நீக்கும் தொடர் நீக்கத்தை (cascade delete) மட்டும் நான் இயக்கவில்லை, ஏனெனில் ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய இரவல் வரலாறு முழுவதும் மறைந்துவிடும்.

புதிய முறையிலும் வழுக்கல் உண்டு. நூல்களையும் இரவல்களையும், இரண்டிலும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் வழக்கமான இணைப்பில் (join) சேர்த்தபோது, இதுவரை யாரும் எடுக்காத நூல்கள் அறிக்கையில் காணாமல் போயின. நூல் அட்டவணையின் எல்லா வரிகளும் வரும்படி இணைப்பின் வகையை மாற்றியபின்தான் திரும்பின. பலர் ஒரே நேரத்தில் பதியும் சூழலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்தக் கோப்பில் தட்டுவது நான் ஒருவன்தான்.

எதையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பதிப்பகத்தின் பெயரைத் தவிர வேறெதையும் குறிக்காததால், அதற்குத் தனி அட்டவணை போடாமல் நூல் அட்டவணையிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.