டகோமாவுக்கு இரண்டு அங்குலம்: ஸ்பேசரா, பில்ஸ்டீனா, ஓல்டு மேன் ஈமுவா?

மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப் டிரக்கை (2016 முதல் 2023 வரை வந்தது) பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். பின்னால் பாரம் ஏற்றும்போது வண்டி சமமாகட்டும் என்று கம்பெனியே வைத்த சரிவு அது. அமெரிக்காவில் இந்த வண்டியை வாங்குகிறவர்களில் பலர் முதலில் கை வைப்பது இதில்தான். முன்னால் இரண்டு அங்குலம் உயர்த்துவார்கள், பின்னாலும் உயர்த்தினால் ஒன்று. அதற்கு மேல் போனால் முன் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மையும் (சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் மேல் கை) மாற்ற வேண்டி வரும், செலவு எங்கேயோ போய்விடும். அதனால் இங்கே பேச்சு இரண்டு அங்குலத்தோடு நிற்கிறது.

ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் நல்லது. லிஃப்ட் செய்தால், அதாவது வண்டியை இப்படி உயர்த்தினால், பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 265/70ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு, 17 அங்குல ரிம்மில் 265/70ஆர்17 போட்டால் ஆக்சில் சுமார் 13 மி.மீ. மேலே போகும், அவ்வளவுதான். லிஃப்டில் கிடைப்பது முன் பம்பருக்குக் கீழே ஏறுகோணம், வயிற்றுப் பகுதிக்கு இடைவெளி, பெரிய டயர் உரசாமல் இருக்க இடம்.

ஸ்பேசர், பில்ஸ்டீன், ஓல்டு மேன் ஈமு என்ற மூன்று வழிகளிலும் உயரம் ஒன்றுதான். வண்டி நிற்கும்போது ஷாக் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) தன் ஓட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம். காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

ஸ்பேசர்தான் மலிவு, நூறு டாலர் அக்கம்பக்கத்தில் முடிந்துவிடும். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த கூட்டின் தலையில் ஒரு வட்டக் கட்டையைப் போட்டு, ஃப்ரேமில் திரும்ப மாட்டுவதுதான் வேலை. ஸ்ப்ரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஷாக்கின் கீழ் முனை கீழ் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருப்பதால், ஒரு அங்குலக் கட்டைக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் ஏறும். இது தெரியாமல் இரண்டு அங்குலக் கட்டையே வாங்கிவிட்டு, வண்டி ஏன் ஒட்டகம் மாதிரி நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், கட்டை போட்டதும் ஷாக் முழுதாகவே கீழே இறங்கிவிடுகிறது. சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைத்த எல்லையைத் தாண்டித் தொங்கும்; சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்டும், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டும் பழகாத கோணத்துக்குப் போகும், மேல் ஆர்ம் ஸ்ப்ரிங்கைத் தொடவும் பார்க்கும். பெரிய குழியில் சக்கரம் மேலே ஏறும்போதும் தொல்லைதான். ஃப்ரேமில் இருக்கும் ரப்பர் தடுப்பு தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடலாம். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு, மெல்லிய கட்டையோடு நிறுத்திக்கொண்டால், இதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. மண் பாதையில் வேகமாகப் போகிற ஆளுக்கு இது வேண்டாம்.

பில்ஸ்டீன் கம்பெனியின் 5100 ஷாக் வேறு மாதிரி யோசிக்கிறது. ஷாக் புதிது, ஸ்ப்ரிங் உங்களுடைய பழையதே. ஷாக்கின் உடம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒரு வளையம் உட்காரும். அதை எந்தப் பள்ளத்தில் வைக்கிறோமோ அந்த அளவுக்கு ஸ்ப்ரிங்கின் இருக்கை மேலே போகும். சுமார் இரண்டரை அங்குலம் வரை ஏற்றலாம். ஸ்ப்ரிங்கை அமுக்கினால் அது கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்ப்ரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. நிற்கும் உயரம்தான் மாறுகிறது. மேல் பள்ளத்தில் வைத்தவர்கள் சொல்லும் ‘டக் டக்’ சத்தமும் முரட்டுத்தனமும் வேறு காரணத்தால் வருகிறது. வண்டி நிற்கும்போதே ஷாக் பாதிக்கு மேல் நீண்டுவிடுகிறது. வேகத்தடை தாண்டிச் சக்கரம் இறங்கும்போது மிச்ச நீளம் சட்டென்று தீர்ந்து ஷாக் தன் எல்லையில் முட்டுகிறது. ஆகவே நடுப் பள்ளத்தோடு நில்லுங்கள். அங்கே இந்த ஷாக் பிரமாதம்: ஒற்றைக்குழாய், உள்ளே அழுத்த வாயு, நீண்ட கரடுமுரடில் சூடாகித் தளர்ந்துபோவது குறைவு. ஊருக்குள் மெதுவாகப் போகையில் சிறு மேடுபள்ளங்களைக் கொஞ்சம் அதிகமாகவே கைக்குச் சொல்லும். எனக்கு அது பிடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

பள்ளங்களால் இன்னொரு லாபம் உண்டு. டகோமா ஓட்டுநர் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்பது ஊரறிந்த விஷயம். பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கம்தான். அந்தப் பக்க வளையத்தை ஒரு பள்ளம் கூட்டி வைத்துச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 5100-ஐ மாட்ட ஸ்ப்ரிங்கை அமுக்கும் கருவி வேண்டும். அமுங்கிய ஸ்ப்ரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக இந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி விற்கும் ஓல்டு மேன் ஈமுவில் ஷாக், ஸ்ப்ரிங் இரண்டும் புதிது. பின்னாலும் சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். இங்கே முதல் கேள்வி உயரம் அல்ல, எடை. முன்னால் இரும்பு பம்பர் உண்டா, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) உண்டா என்று கேட்டுத்தான் ஸ்ப்ரிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பம்பரும் வின்ச்சும் ஏறிய வண்டியில் 5100 போட்டால், பழைய ஸ்ப்ரிங் அந்த எடையில் அமுங்கி, ஏற்றிய உயரத்தில் பாதியைத் தின்றுவிடும். அதேபோல, நாளைக்கு வாங்கப்போகும் பம்பரை நினைத்து இன்றைக்கே கனமான ஸ்ப்ரிங் போட்டால் அதுவரை மரவண்டியில் போவதுபோல இருக்கும். எடைக்குப் பொருத்தமான ஸ்ப்ரிங் அமைந்துவிட்டால், ஓல்டு மேன் ஈமுவின் நைட்ரோசார்ஜர் ஷாக்கோடு இது 5100-ஐ விட மென்மையாக ஓடும்.

பின்பக்கத்தில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. லீஃப் ஸ்ப்ரிங்குக்கும் (கமான் பட்டை) ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைப்பது மலிவு. ஆனால் வேகமெடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்வது கூடும். கமான் பட்டையில் ஒரு தகடு கூடுதலாகச் சேர்த்தால் பாரம் தாங்கும், காலி வண்டி குதிக்கும். எப்போதும் கூடாரமும் தண்ணீர்த் தொட்டியும் சுமக்கிறவர்கள் முழுச் செட்டையே மாற்றுவது மேல். பின்னால் உயர்த்திய பிறகு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதிர்வு தெரிந்தால், இரண்டு துண்டாக வரும் டிரைவ் ஷாஃப்டின் நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அப்புறம், முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சரிமட்டமாக ஏற்றிவிடாதீர்கள். பின்னால் பாரம் ஏறிய இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும். அரை அங்குலமாவது சரிவு மிச்சம் இருக்கட்டும்.

எடை கூட்டாத வண்டிக்கு என் தேர்வு நடுப் பள்ளத்தில் 5100, பின்னாலும் அதே ஷாக். பம்பர், வின்ச் நிச்சயம் என்றால் ஓல்டு மேன் ஈமு. வண்டியே வாங்கவில்லை, அகலமான டயரும் வேண்டாம் என்பவர் டகோமாவின் டிஆர்டி ப்ரோ என்ற வகையையும் பார்க்கலாம். இந்தத் தலைமுறையில் 2017 முதல் அதில் ஃபாக்ஸ் ஷாக்கும் முன்னால் ஒரு அங்குலமாவது உயர்வும் கம்பெனியிலிருந்தே வந்தன.

எதைப் போட்டாலும் கீழ் ஆர்மின் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். 2018 முதல் வந்த வண்டிகளில் ரேடாரும் கேமராவும் இருப்பதால் அவற்றின் நோக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் அலைன்மென்ட். முன்னால் உயர்த்தினால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும். கடைக்காரர் தன் திரையைக் காட்டி, எல்லாம் பச்சையில், அதாவது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்பார். காஸ்டர் இரண்டு பக்கமும் எத்தனை டிகிரி என்று அச்சடித்துக் கேளுங்கள். பச்சையின் அடிமட்டத்தில் இருந்தால், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) கெடாத வரைக்கும் காஸ்டரை மேலே தள்ளச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.