அலைன்மென்ட் விதி: பங்குக் கிணற்றடியில் வைத்துப் பார்த்தால்

டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, கதைத்தும் தாயக்கட்டை உருட்டியும் ஒரு கதையை ஆடும் விளையாட்டு. அதை யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே கதைத்து விளையாடுபவர்களுக்கு, பாத்திரத்தின் குணப்போக்கைக் குறிக்கும் அதன் அலைன்மென்ட் விதி எவ்வளவு உதவும், எங்கே காலை வாரும் என்று பார்க்கும் மதிப்புரை இது. எடுத்துக்கொண்டது 2014 பதிப்பு. அதன் அடிப்படை விதிகளைக் கொண்ட எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பு, 2023 சனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. இலவசமாக இறக்கலாம். 400 பக்கத்துக்கு மேற்பட்ட கோப்பு அது. முழுவதையும் பிரின்ட் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். அலைன்மென்டுக்கு அதில் உள்ள இடம் கொஞ்சம்தான்.

விதி சின்னது. லோஃபுல் (ஒழுங்குக்குக் கட்டுப்படுவது), நியூட்ரல் (நடுநிலை), கேயாட்டிக் (தன் எண்ணப்படி போவது) என்று ஒரு வரிசை. குட் (நல்லது), நியூட்ரல், ஈவில் (கெட்டது) என்று இன்னொரு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துச் சேர்த்தால் ஒன்பது வகை. யோசித்து முடிவெடுக்கும் திறன் இல்லாத விலங்குகளுக்கு அலைன்மென்டே கிடையாது. நாங்கள் நல்லபாம்பு என்று அழைத்தாலும் ஆட்டத்தில் அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 1974இல் வந்த முதல் பதிப்பில் முதல் வரிசை மட்டுமே இருந்தது. ஒன்பது கட்டமும் 1978இன் பிளேயர்ஸ் ஹான்ட்புக் என்ற விதிப்புத்தகத்தில் நிலைபெற்றன. அந்தக் காலத்தில் அலைன்மென்ட் மாறினால் பாத்திரம் ஏறிவந்த படிகளில் ஒன்று, அதாவது ஒரு லெவல், பறிபோகும். 2014இல் அப்படித் தண்டனை எதுவும் இல்லை. தன் அலைன்மென்டை எப்போதும் பிசகாமல் காப்பவர்கள் குறைவு என்று விதியே சொல்லிவிடுகிறது. இந்தத் திருத்தம் மிக நல்லது.

தமிழில் விளையாடும்போது சிக்கல் லோஃபுல் என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. அதைச் "சட்டம்" என்று பெயர்த்துவிட்டால், பொலிசுக்கும் அரசனுக்கும் பணிகிறவன்தான் லோஃபுல் என்று புதியவர் பிடித்துக்கொள்வார். விதி சொல்வது அதுவல்ல. லோஃபுல் நியூட்ரல் பாத்திரம் சட்டத்தையும் பின்பற்றலாம், மரபையும் பின்பற்றலாம், தனக்கென்று வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டையும் பின்பற்றலாம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவருவதற்கு முன்பும் எங்கள் ஊர் வழக்காறான தேசவழமைப்படி நடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் இந்த விதிப்படி லோஃபுல்தான். "அறம்" என்று பெயர்த்தால் இன்னும் மோசம், அந்தச் சொல்லுக்குள் இரண்டு வரிசையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டால், யோசிக்காமல் லோஃபுல் குட் என்பார்கள். ஆனால் மகன் என்றும் பாராமல் முறையைக் காத்தது முதல் வரிசைக்கு உரிய விடை. ஓர் உயிருக்கு ஈடாக இன்னோர் உயிரை எடுத்தது நன்மையா என்பது இரண்டாம் வரிசையின் கேள்வி, அதற்குத் தனியாக விடை சொல்ல வேண்டும். இப்படிப் பிரித்துக் கேட்க வைப்பதுதான் இந்த விதியின் உண்மையான பெறுமதி.

ஆகவே லோஃபுலுக்கு "முறை", கேயாட்டிக்குக்குத் "தன்போக்கு" என்று வைத்துக்கொள்வது நல்லது. முறை என்ற சொல்லுக்கு இன்னொரு வசதி, இறைப்பு முறை எங்களுக்குத் தெரிந்த விசயம். புதியவருக்கு ஒன்பது விளக்கத்தையும் வாசித்துக் காட்டுவதை விட, ஒரு பங்குக் கிணற்றை வைத்துக் கேள்வி கேளுங்கள். கோடை, தண்ணீர் அடியில் கிடக்கிறது, இன்று அடுத்த காணிக்காரரின் முறை. உங்கள் பாத்திரத்தின் வெங்காயம் வாடுகிறது. அவரிடம் போய் முறையை மாற்றித் தரக் கேட்டு, நாளை தன் முறையில் அவருக்கும் பங்கு கொடுப்பவர் லோஃபுல் குட். வாடினாலும் முறை முறைதான் என்று காத்திருப்பவர் லோஃபுல் நியூட்ரல். பக்கத்து வீட்டு நோயாளிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் யார் முறையென்று பாராமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, கேட்டால் ஒளிக்காமல் சொல்பவர் கேயாட்டிக் குட். ஆள் இல்லாத நேரம் பார்த்து இறைப்பவர் நியூட்ரல் ஈவில். தன் முறையில் தேவைக்கு மேல் இறைத்து வாய்க்காலில் விட்டு, அடுத்தவன் பயிரைக் கருகவிட்டு, "நான் முறை மீறேல்லையே" என்பவர் லோஃபுல் ஈவில். புத்தகம் ஒரே வரியில் கடந்துபோகும் இந்தக் கடைசி வகைதான் கதைக்கு மிகச் சிறந்த எதிரி.

ஆட்டக்கணக்கில் அலைன்மென்டின் பங்கு மிகச் சொற்பம். டிடெக்ட் ஈவில் அன்ட் குட் மந்திரம்தான் அடிக்கடி பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது. பெயரைப் பார்த்து, கெட்ட மனிதனைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்பார்கள். அது 30 அடிக்குள் உள்ள அபரேஷன், செலஸ்டியல், எலிமென்டல், ஃபே, ஃபீன்ட், அன்டெட் ஆகிய (வேற்றுலகப் பிறவி, தேவர், பேய் போன்ற) ஆறு வகை உயிர்களைத்தான் காட்டும். கொலைகாரச் சந்தை வியாபாரி பக்கத்தில் நின்றாலும் பேசாது. உண்மையாக அலைன்மென்டைப் பார்ப்பவை சில. ஸ்பிரைட் என்ற குட்டி மாய உயிர் தொட்டால், கரிஸ்மா சேவிங் துரோவில் (அதன் பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் உருட்டில்) 10 எடுக்காதவரின் அலைன்மென்ட் அதற்குத் தெரிந்துவிடும். டலிஸ்மன் ஒஃப் பியூர் குட் தாயத்தை ஈவில் பாத்திரம் தொட்டால் 8டி6, குட்டும் ஈவிலும் அல்லாதவர் தொட்டால் 6டி6 சேதம். அதாவது ஆறுமுகத் தாயக்கட்டையை எட்டு முறை, அல்லது ஆறு முறை உருட்டிக் கூட்ட வேண்டும். குறைந்த லெவல் பாத்திரம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இப்படியான பொருளைக் கதையில் வைக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்), எல்லோருடைய பாத்திரத் தாளிலும் அலைன்மென்ட் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

மேசையைக் குழப்புவது பெரும்பாலும் கேயாட்டிக் நியூட்ரல். கூட இருப்பவரின் பையைத் திருடிவிட்டு "என்ர ஆள் அப்பிடித்தான்" என்று சொல்ல அது சாட்டாகிவிடுகிறது. விதியில் இதற்கு மருந்து இல்லை, இது பெரிய குறை. பாத்திரம் எழுதும்போதே "இவனை மற்றவர்கள் ஏன் கூட வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டு, பதிலை ஒரு வரியில் தாளில் எழுத வையுங்கள். பதில் வராவிட்டால் பாத்திரத்தை மாற்றுங்கள்.

அலைன்மென்டைப் பென்சிலால் எழுதுங்கள், அதுவும் முதல் நாளில் வேண்டாம். மூன்று தடவை விளையாடிய பிறகு, பாத்திரம் செய்ததைப் பார்த்து எழுதினால் பொருந்தும். முன்கூட்டியே எழுதினால் ஆட்டக்காரர் ஒவ்வொரு முடிவுக்கும் தாளைப் பார்த்துத் தயங்குவார். அதுவரை, பாத்திரம் எதைப் பெரிதாக மதிக்கிறது என்று சொல்லும் ஐடியல் என்ற பகுதியே போதும். கோயில் பணியாளரான அகோலைட் பின்னணியில் மரபு என்றால் லோஃபுல், தருமம் என்றால் குட் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறது. கதைக்கு அதுதான் கூடுதல் உதவி.

2024 பதிப்பை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பின்னணிகளோடு வந்த இந்த ஐடியல் பட்டியல்கள் அதில் இல்லை. ஈவில் பாத்திரம் உருவாக்க முன் டிஎம்மிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், அது வரவேற்கத்தக்கது. இதே மாதிரியான இன்னொரு விளையாட்டான பாத்ஃபைன்டர், 2023இன் ரிமாஸ்டர் என்ற திருத்திய பதிப்பில் அலைன்மென்டையே எடுத்துவிட்டு, செய்ய வேண்டியது இது, செய்யக் கூடாதது இது என்று கடவுள் வாரியாகக் கொடுக்கிறது. விரதமும் நேர்த்தியும் தெரிந்த ஆட்டக்காரருக்கு அது சட்டென்று பிடிபடும். கோயில் பூசாரியோ, சபதம் எடுத்த வீரனான பலடினோ விளையாடுபவர் இருந்தால், 2014 விதியோடு ஆடும் மேசையிலும் அந்த இரண்டு பட்டியலையும் கடன் வாங்கலாம். செய்ய வேண்டியது இரண்டு, கூடாதது இரண்டு, அதற்கு மேல் வைத்தால் யாருக்கும் ஞாபகம் நிற்காது.