டூ பீஸ் ஸ்டோமா பை: குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்கு எதுவரை பொருந்தும்?

ஸ்டோமா என்பது மலம் வெளியேற, அறுவையில் குடலை வயிற்றின் மேல் திறந்துவைக்கும் வாய்; அதில் வருவதைப் பை பிடித்துக்கொள்ளும். ஸ்டோமா வைத்த இளம் தம்பதிகள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்பது, ‘குழந்தை பிறக்குமா?’ கேட்க நினைத்துக் கேட்காமலே திரும்புவது, ‘பக்கத்தில் படுக்கும்போது பை கழன்றுவிட்டால் என்ன செய்வது?’ இந்த இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் பையிலேயே இருக்கிறது. அதனால் டூ பீஸ் பையை விலையை வைத்துப் பார்க்காமல், தாம்பத்தியத்துக்கும் கர்ப்பத்துக்கும் எவ்வளவு ஒத்துவருகிறது என்று மட்டும் இங்கே பார்க்கிறோம்.

டூ பீஸில் தோலில் ஒட்டும் தட்டு தனி, பை தனி. தட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பையின் வாயை அதன்மேல் வைத்து அமுக்கினால் டிபன் பாக்ஸ் மூடி போல ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஹாலிஸ்டர் கம்பெனியில் வளையம் 44, 57, 70 மி.மீ. அளவுகளில் வருகிறது, கன்வாடெக் கம்பெனியில் 45, 57, 70. ஒரு கம்பெனியின் தட்டில் இன்னொரு கம்பெனிப் பையைப் பூட்டக் கூடாது. ‘ஒரு மி.மீ. வித்தியாசம்தானே’ என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பூட்டிக்கொண்ட மாதிரி தெரியும், புரண்டு படுத்தால் விட்டுவிடும். வளையமே இல்லாமல், பை தட்டின்மேல் ஸ்டிக்கர் போல ஒட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. கோலோபிளாஸ்ட் கம்பெனியில் அதற்கு ஃபிளெக்ஸ் என்று பெயர்.

இதன் பெரிய பலன், தட்டைப் பிரிக்காமலே பையை மட்டும் மாற்றலாம் என்பது. பகலில் பெரிய பை, இரவில் உள்ளங்கை அளவு மூடிய சின்னப் பை. மாற்றும்போது பழைய பையைக் காலி செய்து கழற்றி, வளையத்தை ஈரம் போகத் துடைத்து, புதியதைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி விரலால் சுற்றி அமுக்குங்கள். பிறகு மெல்ல ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அந்த ஒரு இழுப்பு தரும் தைரியம் பெரிது. மனம் பாதி அதிலேயே அடங்கிவிடும். பெருங்குடலில் வைத்த ஸ்டோமாவான கொலோஸ்டமிக்கு இந்தச் சின்னப் பை இரவு முழுக்கத் தாங்கலாம். சிறுகுடலில் வைக்கும் இலியோஸ்டமியில் நாளொன்றுக்கு 500 முதல் 800 மி.லி. வரை நீர்த்தன்மையாக வந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் அதை நம்பலாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழிந்து, வரத்து தணிந்த நேரமாகப் பார்த்து மாட்டுங்கள்.

கசிந்தால் எல்லோரும் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தவறு, ஸ்டோமாவுக்காகத் தட்டில் வெட்டும் துளையில் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை ஸ்டோமா வீக்கம் வடிந்து சிறுத்துக்கொண்டே வரும். ஆஸ்பத்திரியில் வெட்டித் தந்த அளவையே வைத்துக்கொண்டிருந்தால் சுற்றிலும் தோல் வெளியே தெரியும், இலியோஸ்டமி நீர் பட்டு வெந்துபோகும். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் தட்டின் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். தோலில் தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம், ஒட்டவே ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, தட்டை ஒட்டி, உள்ளங்கையை ஒரு நிமிடமாவது அதன்மேல் வைத்திருங்கள். உடல் சூட்டில்தான் பசை இளகிப் பிடிக்கும். நம் ஊர் வேர்வைக்கு மூன்று நான்கு நாள் தாங்கினாலே நல்ல தட்டு. சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா பையின் குறுக்கே இறுகி, வருவதைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும். அறுவைக்கு முன்பே உட்கார வைத்து, குனிய வைத்து, நாடா கட்டும் இடத்தையும் பார்த்து ஸ்டோமாவுக்கு இடம் குறித்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஸ்டோமாவில் வலி நரம்பு கிடையாது. துணைவரின் கை பட்டால் வலிக்காது. உரசினால் சொட்டு ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம். அதற்குள் எதையும் நுழைக்கவே கூடாது. மலக்குடலோடு ஆசனவாயையும் சேர்த்து எடுத்த பெண்களுக்கு உறவின்போது வலி, வறட்சி வரலாம். நீர் அடிப்படையிலான ஜெல்லும், பக்கவாட்டில் படுப்பதும் உதவும். ஆணுறையோடு எண்ணெய் வேண்டாம், கிழிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பை மாற்றும் வேலையை மனைவியோ கணவனோ மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் அவர் நர்ஸாகவே ஆகிவிடுகிறார், நெருக்கம் விலகிப்போகிறது. கை ஒத்துழைக்கும் ஒவ்வொருவரும் தன் பையைத் தானே மாற்றப் பழகுவது நல்லது. டூ பீஸ் இதற்கும் எளிது: தட்டின் துளையைக் கண்ணால் பார்த்து ஒட்டலாம், பை பார்வையை மறைக்காது. வாரங்கள் கடந்தும் ஸ்டோமாவைப் பார்க்கவே மறுத்து, யாரையும் சந்திக்காமல் அழுதுகொண்டே இருந்தால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பையை மாற்றிப் பார்ப்பதால் அது தீராது.

குழந்தைப் பேற்றை ஸ்டோமா தடுப்பதில்லை. உள்ளே எதை, எதற்காக எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்காகப் பெருங்குடலை எடுத்து, சிறுகுடலால் உள்பை தைத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவையில் இடுப்புக்குள் வடுத்திசு உண்டாகி ஒட்டிக்கொண்டு கருக்குழாய் அடைபடலாம். கருப்பையும் சினைப்பையும் நன்றாக இருந்தால் ஐவிஎஃப் அந்த அடைப்பைத் தாண்டிவிடும். மலக்குடல் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்வீச்சு தருவதானால் தொடங்கும் முன்பே கருமுட்டையையோ விந்துவையோ உறைய வைப்பது பற்றிக் கேட்டாக வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை. ஆண்களுக்கு மலக்குடல் அறுவையில் நரம்பு அடிபட்டு விறைப்புக் குறையலாம், விந்து சிறுநீர்ப்பைக்குள் போகலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசின் மாத்திரை விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இலியோஸ்டமியில் வரத்து மிக அதிகமாக இருந்தால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். காப்பர் டி போன்ற வேறு வழியைக் கேளுங்கள்.

வளையம் வைத்த டூ பீஸை நாங்கள் பரிந்துரைப்பது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் வரைதான். அதன்பின் வயிறு உருண்டு தள்ளும். தட்டையான கெட்டி வளையம் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், உட்கார்ந்தால் குத்தும். தட்டும் பையும் ஒன்றாகவே வரும் மிருதுவான ஒன் பீஸுக்கோ ஃபிளெக்ஸ் வகைக்கோ மாறுங்கள். ஸ்டோமாவும் விரிந்து முட்டை வடிவாகும், சிலருக்கு வெளியே நீளும், சிலருக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளந்து துளையைப் பெரிதாக்குங்கள். வயிறு மறைத்து ஸ்டோமா கண்ணுக்குத் தெரியாதபோது சுவரில் கண்ணாடி மாட்டி நின்றபடி ஒட்டலாம். இலியோஸ்டமியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் எதுவுமே வராமல் வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். ‘மசக்கை’ என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏழாம் மாதத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டி பெட்டியாக, அதுவும் முன்பே துளை வெட்டியதை, வாங்கி அடுக்காதீர்கள். பிரசவம் ஆனதும் வயிறு வற்றி ஸ்டோமாவும் சிறுக்கும், அவை அத்தனையும் அளவு தவறிப்போகும். வெட்டிக்கொள்ளும் தட்டாக ஒரு பெட்டி போதும். ஸ்டோமாவை அளக்கும் அளவுகாட்டி அட்டையையும் பிரசவப் பையிலேயே போட்டு வையுங்கள்.