பாலாடையா, பால்புட்டியா?

பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பச்சிளம் குழந்தைக்குப் புகட்ட எது நல்லது? எங்கள் ஓட்டு மூக்குவைத்த சிறு கிண்ணமான பாலாடைக்கே, சங்கானாலும் சரி.

காரணம் கழுவுவதில் இருக்கிறது. பாலாடையில் விரல் எட்டாத மூலையே கிடையாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். புட்டியிலோ மூடியின் மரைக்குள்ளும் நிப்பிளின் உட்புறத்திலும் பால் படிந்து நிற்கும். நிப்பிளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தேய்க்காவிட்டால் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். முதல் சில வாரங்களில் நிப்பிளுக்குப் பழகிய குழந்தை மார்பைப் பிடிக்க முரண்டு பிடிக்கலாம்.

பாலாடையில் தப்பு நடப்பது ஊற்றும் கையில்தான். விழித்திருக்கும் குழந்தையை நிமிர்த்தி, கழுத்தைத் தாங்கிப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். படுக்கவைத்து மடமடவென ஊற்றினால் புரையேறும். கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்; கழுத்து மடிப்பைத் துடைத்துவிடுங்கள்.

நடு இரவில் தனியாகப் பார்ப்பவர்களுக்குப் புட்டி சுலபம், மறுக்கவில்லை. கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் துளை பெரிது, நிப்பிளை மாற்றுங்கள். புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு மட்டும் நகராதீர்கள்.